சமூக வீடமைப்பும் ஏரியாப் புதுப்பிப்பும்: ஆராய்ச்சி செய்யிற ஆக்களும் ஆராய்ச்சிக்கு ஆளாகிற ஆக்களும் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

யாழ்ப்பாணக் கம்பஸில டிசர்ட்டேசனுக்கு வீட்டுத்திட்டம், மீள்குடியேற்றம், நகரப் புதுப்பிப்பு எண்டு தலைப்பு எடுக்கிற பிள்ளையள் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியள் கொஞ்சம், படிவத்தோட படலையில வந்து நிக்கிறவையைப் பாத்து ஊராக்கள் கேக்கிறது கொஞ்சம், கனடா லண்டனில இருந்து சொந்தக்காரர் கேக்கிறது கொஞ்சம். எல்லாத்தையும் ஒரு இடத்தில போட்டிருக்கிறன். பெரிய ஒழுங்கெல்லாம் இல்லை, சில பதில் நீளும், சிலது நாலு வரியோட முடியும்.

சமூக வீடமைப்பு எண்டால் என்ன? எங்கட வீட்டுத்திட்டமும் அதுவும் ஒண்டுதானே?

இல்லை, அங்கதான் முதல் குழப்பமே. ஐரோப்பாக் கட்டுரையள் சமூக வீடமைப்பு எண்டு சொல்லேக்க பெரும்பாலும் வாடகை வீட்டைத்தான் சொல்லுது, நகரசபையோ ஒரு வீடமைப்புச் சங்கமோ கட்டிவைச்சு குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிறது. வியன்னாவில 1919இல இருந்து 1934 வரைக்கும் சோசலிஸ்ட் நகர நிர்வாகம் அப்பிடித்தான் கட்டிக் குவிச்சது, 1930இல திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் எண்ட ஒரே தொகுதியில மட்டும் 1,382 வீடு. இங்கிலாந்தில கவுன்சில் வீடு, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தோட இருக்கிறவையே அதை விலைக்கு வாங்கலாம் எண்டு வந்தாப் பிறகு அந்தக் கையிருப்பு கரையத் தொடங்கிட்டுது. சிங்கப்பூரில 1960இல தொடங்கின வீடமைப்புச் சபை இன்னொரு மாதிரி, 99 வருசக் குத்தகைக்கு விக்கிறது, அங்க சனத்தில கிட்டத்தட்ட 80 வீதம் அந்த வீடுகளிலதான் இருக்கினம்.

யாழ்ப்பாணத்தில வாடகைக்கு அரசாங்க வீடு எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. இங்க வீட்டுத்திட்டம் எண்டால் உங்கட காணியில கட்டக் காசு தாறது. அதால வெளிநாட்டுக் கேள்விக்கொத்தை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து வாடகை எவ்வளவு, வெயிட்டிங் லிஸ்டில எத்தினை வருசம் எண்டு கேட்டால் சனம் சிரிக்கும். இங்க கேக்க வேண்டியது காணி ஆர்ட பேரில, கிணத்தில பங்கு இருக்கோ, ஒழுங்கைக்கு வழி இருக்கோ, கட்டி முடிக்க எவ்வளவு கடன் பட்டது, இந்த நாலும்தான். வீடு எத்தினை முடிஞ்சது எண்டு எண்ணுற வேலையைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) செய்யுது, அதுக்கு நீங்கள் தேவையில்லை.

ஏரியாப் புதுப்பிப்பு எண்டு சொல்லுறது நல்ல விசயம்தானே, ஏன் ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் குறையாவே எழுதினம்?

குறை சொல்லவேணும் எண்டு இல்லை, புதுப்பிச்ச பிறகு அங்க ஆர் இருக்கினம் எண்டு பாக்கேக்க பெரும்பாலும் பழைய ஆக்கள் இல்லை, அதுதான் பிரச்சினை. ரூத் கிளாஸ் எண்ட சமூகவியலாளர் 1964இல லண்டனைப் பற்றி எழுதேக்கதான் ஜென்ட்ரிஃபிகேசன் எண்ட சொல்லையே கொண்டுவந்தவ, தொழிலாளர் இருந்த தெருவுக்குள்ள வசதியானவை வந்து வீட்டைத் திருத்தித் திருத்தி கடைசியில பழைய சனம் முழுக்க வெளிக்கிட்டுப் போறது. அதே லண்டனில ஹெய்கேட் எண்ட கவுன்சில் குடியிருப்பு, 1974இல கட்டினது, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடு, அதை இடிச்சு 2014 அளவில முடிச்சிட்டினம். அந்த இடத்தில கிட்டத்தட்ட 2,500 புது வீட்டுக்குத் திட்டம் போட்டதில பழைய மாதிரி குறைஞ்ச வாடகைக்கு ஒதுக்கினது நூறும் இல்லை.

எங்கட பக்கம் அந்த அளவுக்கு இடிக்கேல்லை. உலக வங்கியின்ட நகர அபிவிருத்தித் திட்டத்துக்குள்ள யாழ்ப்பாணத்தைச் சேத்தது 2016இல, அதில வடிகால், றோட்டு, பொது இடம் எண்டுதான் கூட. ஆனா விலை ஏறுறதுக்கு இடிக்கத்தான் வேணும் எண்டு இல்லை. நல்லூர்ப் பக்கம் பாருங்கோ, வெளிநாட்டுக் காசும் கெஸ்ட்ஹவுஸும் வந்தாப் பிறகு அங்க வாடகைக்கு இருந்த ஆசிரியர் குடும்பம் ஒண்டு இப்ப அதே வாடகைக்கு அங்க வீடு எடுக்கேலுமோ? இதை ஒருத்தரும் ஒழுங்கா அளந்து எழுதினதாத் தெரியேல்லை, நல்ல தலைப்பு.

கொழும்பில தொடர்மாடி கட்டிச் சனத்தை ஏத்தினது வெற்றியோ தோல்வியோ?

ஆரைக் கேக்கிறியள் எண்டதைப் பொறுத்தது. 2001இல பொரளைப் பக்கம் சகஸ்புர எண்டு 671 வீட்டோட ஒரு மாடிக் கட்டடம் வந்தது, குடிசையில இருந்தவையை மேல ஏத்திக் கீழ மிஞ்சிற காணியை வித்துச் செலவைச் சமாளிக்கலாம் எண்ட கணக்கு. பிறகு 2010இல நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ கொண்டுபோனாப் பிறகு இந்த வேலை பெரிய அளவில நடந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலயும் 2016இலயும் வெளியிட்ட ஆய்வுகள் ரெண்டையும் வாசியுங்கோ. ஆக்களைக் குடிசைவாசி எண்டு ஒரே சொல்லில சொன்னாலும் அதில கொஞ்சப் பேர் பல வருசமா இருந்த நல்ல கல்வீட்டை விட்டிட்டு வந்தவை, பலருக்குக் காணி உறுதிப் பத்திரம்கூட இருந்திருக்கு, வந்த இடத்தில மாசா மாசம் காசு கட்டு எண்டு சொன்னது, சின்னக் கடை, சாப்பாடு செய்து விக்கிறது, முச்சக்கரவண்டி நிப்பாட்டுறது எல்லாம் மேல் மாடியில நிண்டுபோச்சு எண்டு அதில விபரமா இருக்கு.

சென்னையில கண்ணகி நகர், பெரும்பாக்கம் கதையும் இதுதான். 2000ஆம் ஆண்டில இருந்து கூவக்கரைச் சனத்தைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியில போட்டது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கூட. வீடு கிடைச்சது உண்மை, ஆனா வீட்டுவேலைக்குப் போற பொம்பிளைக்கு வேலை இருக்கிறது பழைய இடத்தில, பஸ்ஸுக்கே சம்பளத்தில பாதி போனால் அந்த வீட்டை வைச்சு என்ன செய்யிறது.

இதுக்கு ஒரு சட்டகம் வேணும் எண்டால் மைக்கேல் சேர்னியாவை எடுங்கோ, உலக வங்கியில இருந்த சமூகவியலாளர். இடம் பெயர்த்தால் ஆக்கள் ஏழையாகிறதுக்கு எட்டு வழி எண்டு சொன்னவர்: காணி போறது, வேலை போறது, வீடு போறது, ஓரங்கட்டப்படுறது, சாப்பாட்டுக்குக் கஷ்டம், வருத்தம் கூடுறது, பொதுச் சொத்து இல்லாமப் போறது, அக்கம்பக்க உறவு உடையிறது. எட்டில வீடு ஒண்டுதான். மிச்சம் ஏழையும் கேக்காமல் வீட்டை மட்டும் கேட்டு வெற்றி எண்டு எழுதுற ரிப்போர்ட்தான் கனக்க.

அப்ப யாழ்ப்பாணக் கரையில குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் மாடி வீடு கட்டினால் பிழையோ? இடமே இல்லையே.

பிழை எண்டு நான் சொல்லமாட்டன். குருநகரில ஐந்துமாடி இருக்கு, அங்க இருக்கிறவையைக் கேட்டுப் பாருங்கோ, விட்டிட்டுப் போகவேணும் எண்டு எல்லாரும் சொல்லாயினம், கடல் பக்கத்தில இருக்கிறதுதான் அவைக்கு முக்கியம். ஆனா கடற்தொழில் செய்யிற குடும்பத்துக்கு வீடு எண்டுறது சுவருக்குள்ள முடியிற விசயம் இல்லை. வலை காயப்போட இடம், கிழிஞ்சதைப் பொத்திறதுக்கு நிழல், எஞ்சினைப் பூட்டி வைக்க ஒரு மூலை, கருவாடு போட வெயில். நாலாம் மாடிக்கு எஞ்சினைத் தோளில தூக்கிக்கொண்டு ஏறுற ஆளைப் பாத்த பிறகு, பிளான் கீறினவர் கீழ ஒரு பொதுக் களஞ்சியம் கீறியிருக்கலாமே எண்டு வரும்.

சுனாமிக்குப் பிறகு இதை நாங்கள் ஒருக்காப் படிச்சிருக்கோணும். 2005இல வடக்குக் கிழக்குக்கு 200 மீற்றர், தெற்குக்கு 100 மீற்றர் எண்டு கரையில கட்டத் தடை போட்டவை, மணற்காடு, உடுத்துறைச் சனத்துக்கு அது எவ்வளவு தூரம் எண்டு கணக்குப் பாருங்கோ, விடியப்புறம் ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போற மனிசருக்கு.

தாங்களே கட்டுற முறை நல்லதோ, கட்டிக் குடுக்கிறது நல்லதோ?

ஆராய்ச்சி உலகத்தில இது பழைய சண்டை. ஜோன் டேர்னர் எண்ட ஆங்கிலக் கட்டடக்கலைஞர் பெருவில வேலை செய்தவர், சனமே தங்கட கையால படிப்படியாக் கட்டின குடியிருப்புகளைப் பாத்திட்டு, கட்டுற முடிவு ஆர்ட கையில இருக்கு எண்டதுதான் விசயம், அரசாங்கம் கட்டிக் குடுக்கிற பெட்டி வீட்டை விட இது மேல் எண்டு 1970கள்ல எழுதினவர். அதுக்கு ரொட் பர்கெஸ் மாதிரி இடதுசாரி ஆக்கள் குடுத்த பதில், அது சரி, ஆனா அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை ஏழையின்ர தலையில கட்டுறதுக்கு உங்கட கதை வசதியாப் போச்சு எண்டு. ரெண்டுமே சரி எண்டுதான் எனக்குப் படுது.

இலங்கை இதில உலகத்துக்கே முன்னால நிண்ட நாடு. 1978இல பிரேமதாசா காலத்து ஒரு லட்சம் வீட்டுத் திட்டம் அரசாங்கமே கட்டினது, காசு காணாமப் போச்சு, 1984இல பத்து லட்சம் வீட்டுத் திட்டம் எண்டு மாத்தேக்க சின்னக் கடன் குடுத்து ஆக்களே கட்டட்டும் எண்டு விட்டினம். ஐ.நா. 1987ஐ வீடில்லாதவருக்கான ஆண்டு எண்டு அறிவிச்சதே இலங்கை கொண்டுவந்த யோசனைதான். அந்த நேரம் எங்கட பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு அந்த முறை பெரிசா வந்தது இந்தியன் வீட்டுத்திட்டத்தோட. 2010இல 50,000 வீடு எண்டு அறிவிச்சது, முதல்ல ஆயிரம் வீடு கொந்தராத்துக்காரர் கட்டினது, பிறகு 2012 ஒக்டோபர் 2இல இருந்து பயனாளியே கட்டுற முறை. முழு வீட்டுக்கு ஐந்தரை லட்சம், திருத்தத்துக்கு ரெண்டரை லட்சம், காசு கட்டம் கட்டமா நேரா பாங்க் கணக்குக்கு. அத்திவாரம் முடிச்சால் அடுத்தது, சுவர் எழும்பினால் அடுத்தது.

நல்லது என்ன எண்டால், கொந்தராத்துக்காரர் சீமெந்தில களவெடுக்கேலாது, சாமியறை எந்தப் பக்கம் எண்டு வீட்டுக்காரர்தான் சொல்லுவினம், குசினியைப் புறம்பா வைக்கலாம். கெட்டது, எல்லாரும் ஒரே நேரத்தில கட்டத் தொடங்க மணல் விலையும் மேசன் கூலியும் ஏறிச்சு, ஐந்தரை லட்சம் காணாது. அப்ப நகை அடகுக்குப் போகும், அது காணாட்டி பினான்ஸ் கொம்பனி, அது காணாட்டி வட்டிக்கு. சீபா எண்டு சொல்லுற வறுமை ஆராய்ச்சி நிலையம் யாழ்ப்பாணத்தில செய்த ஆய்விலயும் இந்தக் கடன்தான் முன்னுக்கு நிக்குது.

இதில நான் ஒரு விசயம் அழுத்திச் சொல்லுவன். கடன் பட்டது சனத்தின்ர ஆடம்பரம், சின்னதாக் கட்டியிருக்கலாம்தானே எண்டு ஒபிஸில இருக்கிறவை சொல்லுவினம். 550 சதுர அடி வீட்டில ரெண்டு பெம்பிளைப் பிள்ளையள் இருந்தால் தாய் தேப்பன் ஒரு அறை கூடப் போட்டுத்தான் அத்திவாரம் வெட்டுவினம், ஏனெண்டால் அந்த வீடுதான் நாளைக்கு மூத்தவளுக்குச் சீதனம். இதை ஆடம்பரம் எண்டு எழுதுறவர் யாழ்ப்பாணத்தில ஒரு கல்யாணப் பேச்சுக்கும் போயிருக்கமாட்டார். சிலி நாட்டில அலெக்சாந்திரோ அரவேனாவின்ர ஆக்கள் 2004இல இக்கிக்கே எண்ட ஊரில பாதி வீடு மட்டும் ஒழுங்காக் கட்டிக் குடுத்து மற்றப் பாதியை நீங்கள் வசதி வரேக்க கட்டுங்கோ எண்டு இடம் விட்டவை. பிறகு கூட்டிக் கட்டுவினம் எண்டது முதல் நாளே பிளானில இருந்தது, எங்கட பிளானில அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இரும்பு வீட்டுக் கதை என்ன?

2015, 2016இல அரசாங்கம் கட்டத் திட்டம் போட்டது 65,000 வீடு, ஆர்சிலர் மித்தல் கொம்பனியின்ர பொருத்து வீடு, ஒண்டு கிட்டத்தட்ட 21 லட்சம். உரும்பிராயில மாதிரி வீடும் வைச்சுக் காட்டினவை. அந்தக் காசுக்கு ரெண்டு கல்வீடு கட்டலாம், எங்கட வெக்கைக்குச் சரிவராது, ஒரு அறை கூட்டிக் கட்டேலாது, உள்ளூர் மேசனுக்கு ஒரு நாள் கூலிகூட வராது எண்டு பொறியியலாளர், பொருளியலாளர், அரசியல்வாதியள் எல்லாப் பக்கமும் எதிர்த்தினம். கடைசியில அந்தத் திட்டம் அப்பிடியே நடக்கேல்லை. ஆராய்ச்சி செய்யிற பிள்ளையளுக்கு இது நல்ல கேஸ், என்னெண்டால் கல்வீடா இரும்பு வீடா எண்ட சண்டைக்குள்ள கட்டுற காசு ஊருக்குள்ள சுத்துமோ வெளிய போகுமோ எண்ட கேள்வி வெளிச்சமா நிக்குது.

யுத்தம் முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் முகாமில கொஞ்சப் பேர் ஏன் அவ்வளவு நாள் இருந்தவை? காணி விட்ட உடன போகவேண்டியதுதானே?

வலிகாமம் வடக்கில ஆமி வைச்சிருந்த உயர்பாதுகாப்பு வலயத்தால 1990இல வெளிக்கிட்டவை கன பேர் மல்லாகம், சுன்னாகம், கோணாப்புலம் பக்கத்து நலன்புரி நிலையங்களில இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இருந்தவை. காணி இருந்தவை, வெளிநாட்டில ஆள் இருந்தவை எப்பவோ வாடகைக்கோ சொந்தமாவோ மாறிட்டினம். கடைசி மட்டும் மிஞ்சினவையில கனபேர் 1990க்கு முதலே காணி இல்லாதவை, இன்னொராளின்ர காணியில குடியிருந்தவை. சாதியில ஒடுக்கப்பட்ட சனம்தான் இதில கூட எண்டு காளிங்க டியூடர் சில்வா, பரம்சோதி தங்கேஸ் ஆக்கள் 2009இல எழுதின ஆய்வில சொல்லியிருக்கு. ஊரில எல்லாருக்கும் இது தெரியும், படிவத்தில மட்டும் அதுக்கு ஒரு கட்டம் இருக்காது.

வீட்டுத்திட்டம் எல்லாம் காணி இருக்கிறவருக்குத்தான். காணி இல்லாதவருக்கு ரெண்டு பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்) வாங்கிக் குடுக்கலாம் எண்டு வரேக்கயும் விக்கிறவர் வாங்கிறது ஆர் எண்டு கேப்பார். இது ஒரு ரிப்போர்ட்டிலயும் வராத சம்பாஷணை, ஆனா ஒவ்வொரு ஒழுங்கையிலயும் நடந்த சம்பாஷணை.

சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்த முஸ்லிம் ஆக்களுக்கு வீடு குடுக்கிறதில என்ன சிக்கல்?

1990 ஒக்டோபரில வடக்கில இருந்து துரத்தப்பட்டவை. கனக்கப் பேர் புத்தளத்தில இருந்தவை. 2009க்குப் பிறகு திரும்பி வரேக்க ஒரு குடும்பமாப் போனது மூண்டு நாலு குடும்பமா வந்து நிக்குது, காணி பழைய ஒண்டரைப் பரப்புத்தான். இங்க நிரந்தரமா இருக்கிறியளோ எண்டு கேள்வி வரும், பிள்ளையின்ர பள்ளிக்கூடம் புத்தளத்தில, கடை யாழ்ப்பாணத்தில எண்டால் என்னத்தைச் சொல்லுறது. ஒரு குடும்பம் ரெண்டு ஊரில கால் வைச்சிருக்கலாம் எண்டதைப் பயனாளியைத் தெரியிறதுக்குப் புள்ளி போடுற முறை ஏற்றுக்கொள்ளாது. இந்த விசயத்தில பேராதனையில இருந்த புவியியலாளர் மறைஞ்ச ஹஸ்புல்லா சேரின்ர வேலையைப் படிக்காமல் எழுதத் தொடங்காதையுங்கோ.

நீங்கள் ஏன் எப்ப பாத்தாலும் கிணத்தைப் பற்றிக் கதைக்கிறியள்?

ஏனெண்டால் யாழ்ப்பாணத்தில குடியிருப்பு எண்டால் கிணறுதான். வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, கீழ சுண்ணாம்புக்கல்லு, வெடிப்பு வெடிப்பா. மலசலகூடக் குழியில இருந்து போறது மண்ணால வடிபட்டுப் போகாது, வெடிப்பால நேரா ஓடும். நைத்திரேற் கூட எண்டு கன காலமாச் சொல்லிக்கொண்டிருக்கினம், தோட்டத்து உரமும் இந்தக் குழியளும் ரெண்டும்தான் காரணம்.

இப்ப ஒரு கணக்கு. கிணத்துக்கும் குழிக்கும் இடையில ஐம்பது அடி விடோணும் எண்டு சொல்லுவினம். 16 பரப்பு ஒரு ஏக்கர், அப்ப ரெண்டு பரப்பு 5,445 சதுர அடி, சதுரமா எடுத்தால் ஒரு பக்கம் 74 அடி. நடுவில கிணத்தைக் கீறி அதைச் சுத்தி ஐம்பது அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கோ, நாலு மூலையும் இத்தினூண்டு மிஞ்சும், வேலியெல்லாம் வட்டத்துக்குள்ள. கிணத்தை ஒரு மூலைக்குத் தள்ளினால் எதிர் மூலையில குழி வெட்டலாம், ஆனா அந்த மூலைக்கு அடுத்த பக்கம் பக்கத்து வளவுக்காரரின்ர கிணறு இருக்கும். அதால இதை ஒவ்வொரு வீடாத் தீர்க்கேலாது, ஒழுங்கையில இருக்கிற பத்து வீட்டுக்கும் சேத்து ஒரு பிளான் வேணும். திட்டம் எல்லாம் பயனாளி பயனாளியா ஓடுது. பத்துப் பயனாளிக்கும் பத்து வீடும் பத்துக் குழியும் குடுத்து ஒரே தண்ணியைப் பழுதாக்கினது இப்பிடித்தான்.

பழைய ஆக்கள் இதில கெட்டிக்காரர். பங்குக் கிணறு எண்டு உறுதியிலயே எழுதியிருப்பினம், எத்தினையில ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை எந்தப் பக்கம் எண்டு. இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க பங்காளி ஒருத்தர் கனடா, ஒருத்தர் செத்துப்போனார், ஒருத்தர் மதில் கட்டிட்டார், கிணத்தடிக்குப் போற பாதை மதிலுக்குள்ள. கிடுகு வேலியில ஒரு பொட்டு இருக்கும், ஆள் போய் வரலாம், மதிலில பொட்டு வைக்க மாட்டினம். புதுப்பிப்பு எண்டு சொல்லி மதில் கட்டினதாலயே உடைஞ்ச அயல் எத்தினை எண்டு ஆராவது எண்ணிப் பாக்கோணும்.

உறுதி ஆர்ட பேரில இருந்தால் நல்லது?

ஆராய்ச்சி கனக்க, புருசன் பெண்சாதி ரெண்டு பேரின்ர பேரிலயும் போடுங்கோ எண்டு சொல்லும். மற்ற நாடுகளுக்கு நல்ல ஆலோசனை. இங்க தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம் இருக்கு, சீதனக் காணி பெம்பிளையின்ர பேரில முதலே இருக்கும். ஆனா பேர் இருந்தாலும் கல்யாணம் செய்தவ அசையாச் சொத்தை விக்கிறதெண்டால் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். புருசன் காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டால்? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது, எடுக்காட்டி ஒண்டும் நகராது. 2016இல காணாமல் போனவர் எண்ட சான்றிதழுக்குச் சட்டம் வந்தது அதுக்குத்தான். அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரம் வேற கதை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில வாரிசு எண்டால் ஆம்பிளைப் பிள்ளை முதல், 2022இலதான் அதைத் திருத்தினது. ஆகவே கேள்விக்கொத்தில காணி சொந்தமா எண்டு ஒரே கேள்வி கேட்டிட்டு ஓம் இல்லை எண்டு புள்ளடி போடாதையுங்கோ.

நல்ல ஏரியாவுக்கு மாறினால் பிள்ளையள் முன்னுக்கு வருவினம் எண்டு சொல்லுறது உண்மையோ?

அமெரிக்காவில 1994இல இருந்து 1998 வரைக்கும் ஐந்து நகரத்தில கிட்டத்தட்ட 4,600 குடும்பத்தைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதிக்கு வறுமை குறைஞ்ச ஏரியாவுக்குப் போக வாடகை வவுச்சர் குடுத்துப் பாத்தவை. பெரியாக்களின்ர வருமானத்தில பெரிய மாற்றம் இல்லை. ராஜ் செட்டி ஆக்கள் 2015இல திருப்பிப் பாக்கேக்க, 13 வயசுக்கு முதல் மாறின பிள்ளையள் வளந்தாப் பிறகு 31 வீதம் கூட உழைச்சிருக்கினம், வயசு கூடி மாறினவைக்கு நன்மை இல்லை. இதைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில பொருத்தேக்க கவனம், அங்க போனவை விரும்பிப் போனவை, இங்க யுத்தத்தில சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இரவு நடந்து போன பிள்ளையும் இடம் மாறின பிள்ளைதான்.

டேட்டா எங்க எடுக்கிறது?

பிரதேச செயலகத்தில புள்ளிவிபரக் கைநூல் இருக்கும், கிராம சேவகரிட்டப் பதிவு இருக்கும். சனத்தொகைக் கணக்கெடுப்பில ஒரு பொறி இருக்கு: 1981இல யாழ்ப்பாண மாவட்டம் எண்டு போட்டிருக்கிற 8 லட்சத்து 30 ஆயிரத்துக்குள்ள கிளிநொச்சியும் இருக்கு, கிளிநொச்சி தனி மாவட்டம் ஆனது 1984இல. அதைக் கழிச்சால் 7 லட்சத்து 38 ஆயிரம். 1991இல கணக்கெடுப்பு நடக்கேல்லை, 2001 வடக்கில முழுசா இல்லை, 2012இல 5 லட்சத்து 83 ஆயிரம். கழிக்காமல் ஒப்பிட்டு எழுதின கட்டுரை நானே கண்டிருக்கிறன், பேரைச் சொல்லி ஆரையும் அவமானப்படுத்த விருப்பமில்லை.

சேர்வேக்குப் போனால் எல்லாரும் லிஸ்டில பேர் போடுவியளோ எண்டு கேக்கினம். என்ன சொல்லுறது?

போட மாட்டன் எண்டு முதல் வசனத்திலயே சொல்லுங்கோ. நீங்கள் படிவத்தை வெளிய எடுக்கேக்க அந்த அம்மா உள்ள போவா, ஒரு சொப்பிங் பாக்கோட வருவா. அதுக்குள்ள உறுதிக் கொப்பி, குடும்ப அட்டை, கிராம சேவகரின்ர (ஜி.எஸ்.) கடிதம், உடைஞ்ச வீட்டின்ர படம், முந்தி வந்தவை குடுத்த நாலைஞ்சு நம்பர் எழுதின துண்டு எல்லாம் இருக்கும். வந்துபோன ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு துண்டு. நீங்கள் அதையெல்லாம் பாத்துக்கொண்டு தலையாட்டினால் இன்னொரு நம்பிக்கையைக் குடுத்திட்டுப் போறியள் எண்டுதான் அர்த்தம். நான் கம்பஸில படிக்கிறன் அம்மா, இதால உங்களுக்கு வீடு வராது, விருப்பமில்லாட்டிச் சொல்லத் தேவையில்லை எண்டு சொன்னால் அரைவாசிப் பேர் இருந்து கதைப்பினம், ரீயும் தருவினம். எதிக்ஸ் கமிட்டிக்குக் கையெழுத்துப் படிவம் வேணும், ஆனா எங்கட சனத்துக்குக் கையெழுத்து வாங்கிறவரைக் கண்டால் பயம், எத்தினையோ பேருக்கு எத்தினையோ பதிவு குடுத்த சனம். வாய்ச் சம்மதத்துக்கு அனுமதி முன்கூட்டியே எடுத்து வையுங்கோ.

கடனைப் பற்றி கேக்கிறதெண்டால் கடைசியா, அதுவும் தனிய. புருசனுக்குத் தெரியாத அடகுத் துண்டு இருக்கும். மாமியாருக்கு முன்னால கேட்டிட்டு வந்திட்டீங்கள் எண்டால் அந்த வீட்டில இரவு நடக்கிற சண்டைக்கு உங்கட மெதடோலஜியில பதில் இல்லை.

மக்கள் பங்கேற்பு எண்டு எல்லா ரிப்போர்ட்டிலயும் இருக்கே, அது உண்மையா நடக்குதோ?

ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல எட்டுப் படி உள்ள ஏணி ஒண்டு கீறினவ, அடிப்படியில ஆக்களை ஏமாத்திறது, நடுவில கருத்துக் கேக்கிறது, உச்சியில முடிவு ஆக்களின்ர கையில. எங்கட கூட்டம் எந்தப் படி எண்டு பாக்க ஒரு சுகமான வழி, கூட்டம் எத்தினை மணிக்கு வைச்சது எண்டு பாருங்கோ. கிழமை நாள் காலமை பத்து மணிக்குச் சனசமூக நிலையத்தில எண்டால் கடலுக்குப் போனவர் நித்திரை, கூலிக்குப் போனவர் வேலையில, வாறது ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கத் தலைவர், கோயில் தர்மகர்த்தா. மாதர் சங்கத்து ஆக்கள் வருவினம், பின்வரிசையில இருப்பினம், கையெழுத்து வைப்பினம். வரவுப் பதிவேட்டில நூறு கையெழுத்து இருக்கும், அதில வாய் திறந்தது ஆர் எண்டு எழுதி வைச்சிருக்க மாட்டினம், நீங்கள் எழுதுங்கோ.

படிவத்தோட வாறவைக்குப் பதில் சொல்லத்தான் வேணுமோ?

வேண்டாம். அரசாங்கக் கணக்கெடுப்பு வேற, அதுக்குச் சட்டம் இருக்கு. மற்ற ஆர் வந்தாலும் அடையாள அட்டையைக் கேளுங்கோ, எந்த இடம், ஆர் காசு குடுக்கினம், பதிலை என்ன செய்வியள் எண்டு கேளுங்கோ. பாங்க் கணக்கு நம்பர் கேட்டால் குடுக்காதையுங்கோ, ஆராய்ச்சிக்கு அது தேவைப்படாது. முடிவைத் தமிழில ரெண்டு பக்கமாத் தருவியளோ எண்டும் கேளுங்கோ.

ஆய்வு முடிஞ்சால் அதை ஊருக்கு என்னெண்டு குடுக்கிறது?

ஆங்கில டிசர்ட்டேசனை லைப்ரரியில வைச்சால் அது அங்கேயே இருக்கும். தமிழில ரெண்டு பக்கம், ஒழுங்கையின்ர வரைபடம் ஒண்டு, அதில கிணறு, குழி, பாதை, வெள்ளம் நிக்கிற இடம் கீறி, ஆக்களின்ர பேர், கடன் விபரம் ஒண்டும் இல்லாமல், சனசமூக நிலையத்தில பேப்பர் போடுற மேசையில ஒண்டு, கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒண்டு, பிரதேச சபை உறுப்பினருக்கு ஒண்டு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோங்கோ. வரைபடத்தில தன்ர கிணத்தைப் பிழையாக் கீறியிருக்கு எண்டு ஒராள் கட்டாயம் சண்டைக்கு வருவார், அவரைக் கதிரையில இருத்திப் பென்சிலைக் கையில குடுங்கோ.